முழுவதும் எடுத்தால்தான் உயிர் தப்புமா?

"அரைகுறையா வெட்டி என்ன பிரயோசனம்? முழுசா எடுத்துவிடச் சொல்லுங்கோ."

மார்பில் இருந்த கட்டி புற்றுநோய்தான் என்று ரிப்போர்ட் வந்த அன்று யாழ்ப்பாணத்து வீடுகளில் முதலில் எழும்பும் குரல் இதுதான். மூத்த அண்ணர் சொல்கிறார். பக்கத்து வீட்டு ரீச்சர் சொல்கிறா. ஸ்காபரோவிலிருந்து வட்ஸ்அப்பில் மகன் சொல்கிறான், லண்டனிலிருந்து மச்சாள் சொல்கிறா. இரவுச் சாப்பாட்டுக்கு முன்னரே முடிவாகிவிடுகிறது. நோய் வந்த பெண் குசினிக்குள் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கிறாள். முடிவு அவளுக்கு அறிவிக்கப்படுகிறது. அவளும் தலையை ஆட்டுகிறாள்.

இப்படிச் சொல்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் அல்லர். அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்ற தவிப்பில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் தவிப்பின் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது: எவ்வளவு கூட வெட்டுகிறோமோ அவ்வளவு கூட உயிர் பாதுகாப்பு. ஆரம்பக் கட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்ட மார்பகப் புற்றுநோயைப் பொறுத்தவரை இந்த நம்பிக்கை பிழை. அது பிழை என்று நிரூபிக்கப்பட்டு ஒரு தலைமுறைக்கு மேலாகிறது. இன்னும் அதை நம்பி எங்கள் பெண்கள் தேவையில்லாமல் முழு மார்பையும் இழப்பதை நான் ஏற்றுக்கொள்ளத் தயாரில்லை.

ஆரம்பக் கட்டம் என்று நான் சொல்வது, கட்டி மார்பகத்துக்குள் அடங்கியிருக்கும், அல்லது அக்குளிலுள்ள சில நிணநீர் முடிச்சுகள் வரை மட்டும் போயிருக்கும் நிலையை. வைத்தியர்கள் முதலாம், இரண்டாம் நிலை என்று சொல்பவை பெரும்பாலும் இதற்குள் வரும். இந்த நிலையில் பெரும்பாலான பெண்களுக்கு இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று, முழு மார்பகத்தையும் அகற்றுவது. மற்றது, கட்டியையும் அதைச் சுற்றியுள்ள சிறிதளவு நல்ல இழையத்தையும் மட்டும் எடுத்துவிட்டு, மிஞ்சிய மார்பகத்துக்குக் கதிர்ச்சிகிச்சை கொடுப்பது. நோயாளர்கள் கரண்ட் பிடிக்கிறது என்று சொல்வது இந்தக் கதிர்ச்சிகிச்சையைத்தான். இந்த இரண்டாவது வழியைத்தான் ஊர் அரைகுறை என்கிறது.

கூட வெட்டினால் கூடப் பாதுகாப்பு என்ற எண்ணம் எங்கள் ஊரில் பிறந்ததல்ல. அமெரிக்காவின் போல்டிமோர் நகரில், ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் வேலை செய்த வில்லியம் ஹால்ஸ்ரெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அதை ஒரு கோட்பாடாகவே நிறுவினார். புற்று ஒரே இடத்தில் தொடங்கி, படிப்படியாகப் பக்கத்துக்குப் பக்கம் பரவி, நிணநீர் வழியாக அக்குளுக்குப் போய், அதன் பிறகுதான் உடம்பின் மற்றப் பாகங்களுக்குப் போகிறது என்பது அவருடைய கணிப்பு. ஆகவே அதை முந்திக்கொண்டு அகலமாக வெட்டினால் நோயை வேரோடு பிடுங்கிவிடலாம் என்று அவர் நம்பினார். மார்பகத்தை மட்டும் எடுத்து அவர் நிறுத்தவில்லை. அதன் கீழுள்ள நெஞ்சுத் தசைகளையும் அக்குள் முடிச்சுகள் முழுவதையும் சேர்த்து எடுத்தார். விலா எலும்பு தோலுக்கடியில் தெரிய, கை வீங்கி, தோளைத் தூக்க முடியாமல் பெண்கள் வீடு திரும்பினார்கள். ஏறத்தாழ 80 ஆண்டுகள் உலகம் இதையே சரியான வைத்தியம் என்று கொண்டாடியது.

அந்த 80 ஆண்டுகளில் பெரும்பாலும் யாரும் கேட்காத கேள்வியை பிற்ஸ்பேர்க் நகரில் இருந்த பேர்னாட் ஃபிஷர் கேட்டார். இவ்வளவு வெட்டியும் பலருக்கு ஏன் நோய் எலும்பிலும் ஈரலிலும் திரும்ப வருகிறது? புற்றுக் கலங்கள் கட்டி சிறிதாக இருக்கும்போதே இரத்தத்தின் வழியாக வெளியேறக்கூடியவை என்றால், மார்பில் எவ்வளவு அகலமாக வெட்டினாலும் ஏற்கெனவே வெளியேறியதை அது பிடிக்காது. அப்படி வெளியேறவில்லை என்றால், அவ்வளவு அகலமாக வெட்டவும் தேவையில்லை. சக சத்திரசிகிச்சை நிபுணர்கள் பலர் அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர் வாதாடி வெல்ல முயலவில்லை, பரிசோதனை நடத்தினார்.

1976இல் தொடங்கிய அந்தப் பரிசோதனையில் கட்டி 4 சென்ரிமீற்றருக்கு மேற்படாத பெண்கள் சேர்க்கப்பட்டார்கள். யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதை வைத்தியரின் விருப்பமும் குடும்பத்தின் விருப்பமும் தீர்மானிக்கவில்லை. திருவுளச்சீட்டுப் போல எழுமாற்றாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினருக்கு முழு மார்பகமும் எடுக்கப்பட்டது. ஒரு பகுதியினருக்குக் கட்டி மட்டும். மூன்றாவது பகுதியினருக்குக் கட்டியை எடுத்துக் கதிர்ச்சிகிச்சை. 1,851 பெண்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2002இல் முடிவை வெளியிட்டார்கள். 20 ஆண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள், முழு மார்பகமும் எடுக்கப்பட்டவர்களில் 47 சதவீதம்; கட்டி மட்டும் எடுக்கப்பட்டவர்களில் 46 சதவீதம்; கட்டியை எடுத்துக் கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களிலும் 46 சதவீதம். இந்தக் கணக்கில் முதுமையாலும் வேறு நோய்களாலும் இறந்தவர்களும் அடக்கம். அதோடு இன்றிருக்கும் மருந்துகள் பல அன்று இல்லை. ஆகவே 46 என்ற இலக்கத்தைக் கண்டு யாரும் பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது மூன்று இலக்கங்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை. வித்தியாசம் என்று சொல்ல அங்கே ஒன்றுமில்லை.

இத்தாலியின் மிலான் நகரில் உம்பேர்ற்றோ வெரோனேசி 1973 முதல் 1980 வரை 701 பெண்களைச் சேர்த்து இதே கேள்வியைத் தனியாகக் கேட்டார். அவருடைய பெண்களின் கட்டிகள் இன்னும் சிறியவை, 2 சென்ரிமீற்றருக்கு உட்பட்டவை. ஒரு பக்கம் ஹால்ஸ்ரெட்டின் பெரிய சத்திரசிகிச்சை, மறுபக்கம் மார்பகத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் கதிர்ச்சிகிச்சை. 20 ஆண்டு முடிவு அதேதான்: உயிர்தப்பியவர்களின் அளவில் மாற்றமில்லை. இரண்டு கண்டங்களில், ஒன்றையொன்று சாராத இரண்டு பரிசோதனைகள் ஒரே பதிலைச் சொல்லியிருக்கின்றன. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய நிபுணர் குழு 1990இலேயே, முதலாம் இரண்டாம் நிலைப் பெண்களில் பெரும்பாலோருக்கு மார்பகத்தைக் காப்பாற்றும் வழியே விரும்பத்தக்கது என்று அறிவித்துவிட்டது. 2021இல் சுவீடனிலிருந்து வந்த ஆய்வில் 48,986 பெண்களின் பதிவுகளைப் பார்த்தார்கள். அங்கே மார்பகத்தைக் காத்துக் கதிர்ச்சிகிச்சை பெற்றவர்கள் முழுவதும் எடுத்தவர்களைவிடச் சற்றுக் கூடுதலாகவே உயிரோடு இருந்தார்கள். அது எழுமாற்றாகப் பிரித்துச் செய்த பரிசோதனை அல்ல என்பதால், காப்பதுதான் உயிரை நீட்டுகிறது என்று அதை வைத்து நான் சொல்ல மாட்டேன். ஆனால் காப்பதால் உயிர் குறையும் என்று சொல்ல வருகிறவர் இந்தப் பதிவுகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

மறுபக்கத்திலுள்ள உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மார்பகம் மிஞ்சியிருந்தால் அதே மார்பகத்தில் நோய் திரும்ப வரும் வாய்ப்பும் மிஞ்சியிருக்கிறது. ஃபிஷரின் பரிசோதனையில் கதிர்ச்சிகிச்சை பெறாதவர்களில் 39 சதவீதமானோருக்கு 20 ஆண்டுகளுக்குள் அதே மார்பகத்தில் திரும்ப வந்தது; கதிர்ச்சிகிச்சை பெற்றவர்களில் அது 14 சதவீதம். மிலானில் காத்த பக்கத்தில் 30 பெண்களுக்கு, பெரிய சத்திரசிகிச்சைப் பக்கத்தில் 8 பெண்களுக்குத் திரும்பியது. திரும்பினால் பெரும்பாலும் அப்போது முழு மார்பகத்தையும் எடுக்க வேண்டிவரும். இது சின்ன விஷயமில்லை. அந்தப் பயத்தோடு வாழ விரும்பாத பெண் முழுவதும் எடுக்கும் முடிவுக்கு வந்தால் அந்த முடிவுக்கு முழு மரியாதை உண்டு. ஆனால் அவள் அதை அறிந்து எடுக்க வேண்டும். முழுவதும் எடுத்தாலும் நெஞ்சுச் சுவரிலும் தழும்பிலும் நோய் திரும்ப வரலாம் என்பதையும் சேர்த்து அறிந்து எடுக்க வேண்டும். தேவையான கதிர்ச்சிகிச்சையை விட்டுவிட்டுக் கட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் உண்மையான அரைகுறை. ஊர் அந்தச் சொல்லை இடம் மாறி வைத்திருக்கிறது.

"எங்கட கமலாக்கா மாதிரி ஆக்கள் முழுசா எடுத்து இருபது வருஷமா நல்லா இருக்கினமே" என்று ஒரு சாட்சியை எல்லா ஊரிலும் கொண்டுவருவார்கள். அப்படியான அக்காமார் இருக்கிறார்கள், நெடுங்காலம் இருக்கட்டும். அவர்கள் நலமாக இருப்பதற்குக் காரணம் நோய் நேரத்தோடு பிடிபட்டதும், சத்திரசிகிச்சைக்குப் பின்னர் தவறாமல் எடுத்த மருந்தும். கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச்சிகிச்சை பெற்றிருந்தாலும் அவர்கள் அதே அளவு நலமாக இருந்திருப்பார்கள் என்றுதான் மேலே சொன்ன பரிசோதனைகள் காட்டுகின்றன. மார்பகத்தைக் காத்துக்கொண்டு நலமாக வாழும் பெண்களும் ஊருக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெளியில் தெரியும் அடையாளம் ஒன்றுமில்லை, அவர்களும் சொல்வதில்லை. அதனால் ஊரின் கணக்கில் அவர்கள் சேர்வதேயில்லை.

இன்னொரு நம்பிக்கை: முழுவதும் எடுத்துவிட்டால் கீமோ தேவையில்லை, கரண்டும் தேவையில்லை, ஒரே நாளோடு எல்லாம் முடிந்துவிடும். களைத்துப்போன ஒரு குடும்பத்துக்கு இந்த நினைப்பு எவ்வளவு ஆறுதல் என்பது எனக்கு விளங்குகிறது. ஆனால் கீமோ தேவையா இல்லையா என்பதை வெட்டின் அளவு தீர்மானிப்பதில்லை. கட்டியின் குணம், அதன் பருமன், அக்குள் முடிச்சுகளின் நிலை, ஹோர்மோன் ஏற்பிகள் உண்டா, ஹேர்-2 உண்டா என்ற பரிசோதனை முடிவுகள்தான் அதைத் தீர்மானிக்கின்றன. ஹோர்மோன் ஏற்பி உள்ள கட்டி என்றால், மார்பகத்தை வைத்திருந்தாலும் எடுத்திருந்தாலும் தமொக்ஸிபென் போன்ற மாத்திரையை ஆண்டுக்கணக்கில் போட வேண்டும். அக்குள் முடிச்சுகளில் நோய் இருந்தாலோ கட்டி பெரிதாக இருந்தாலோ முழு மார்பகத்தையும் எடுத்த பிறகும் நெஞ்சுச் சுவருக்குக் கதிர்ச்சிகிச்சை கொடுக்கிறார்கள். கரண்டுக்குப் பயந்து மார்பைக் கொடுத்த பெண், பிறகு கரண்டுக்கும் போய் நிற்கும்போது அவளுக்கு ஏற்படும் ஏமாற்றத்துக்கு யார் பொறுப்பேற்பது?

இனி எங்கள் மண்ணின் கதைக்கு வருகிறேன். இந்தப் பழைய நம்பிக்கை இங்கே இவ்வளவு ஆழமாக வேரோடியதற்கு எங்களுக்கென்று ஒரு காரணம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கதிர்ச்சிகிச்சை என்றால் கொழும்புக்குப் பக்கத்திலுள்ள மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போக வேண்டும் என்றிருந்த போர்க்காலம் அது. 1990இல் ஏ9 பாதை மூடப்பட்டது. பிறகு கிளாலிக் கடனீரேரியை இரவில் படகில் கடந்தார்கள். அதன் பின் பாஸ் எடுத்துத் திருகோணமலைக்குக் கப்பல். 2002இல் பாதை திறந்தது, 2006 ஓகஸ்ற்றில் திரும்ப மூடிக்கொண்டது. அப்படியான காலத்தில் ஒரு பெண்ணிடம், கட்டியை மட்டும் எடுக்கிறோம், பிறகு ஐந்து வாரம் கொழும்பில் நின்று கதிர்ச்சிகிச்சை பெறுங்கள் என்று எந்த வைத்தியரால் சொல்லியிருக்க முடியும்? முழுவதும் எடுத்ததே அன்று அவளைக் காப்பாற்றிய வழி. அந்தத் தலைமுறைச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் அன்று எடுத்த முடிவை நான் குறை சொல்லவில்லை. மருந்தும் மின்சாரமும் இல்லாத நாட்களில் அவர்கள் செய்த வேலைக்கு இந்தக் குடாநாடு கடன்பட்டிருக்கிறது.

ஆனால் நிலைமை மாறிவிட்டது. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை, 27 நாட்களில் 670 கிலோமீற்றர், மக்கள் நடந்தே வந்தார்கள். அந்த நடைப்பயணத்தில் நாடு முழுவதிலும் இருந்து சேர்ந்த பணத்தில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலை கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் பல ஆண்டுகள் முடங்கிக் கிடந்த அந்த ஊரில், காங்கேசன்துறை வீதியில் பஸ்ஸில் போய் இறங்கும் தூரத்தில், இன்று கதிர்ச்சிகிச்சை கிடைக்கிறது, அதுவும் இலவசமாக. மகரகமை ஒன்றே கதி என்ற காலத்து முடிவைத் தெல்லிப்பழை வந்த பிறகும் எடுத்துக்கொண்டிருக்கிறோம். பாதை திறந்தது, மனதுக்குள் இருக்கும் தடை இன்னும் திறக்கவில்லை.

"வயசு போட்டுது, இனி அது இருந்தென்ன இல்லாட்டி என்ன?" இதையும் அடிக்கடி கேட்கிறோம். பெரும்பாலும் ஆண்கள் கேட்கிறார்கள். சில வேளைகளில் பெண்களே தங்களைப் பற்றி அப்படிச் சொல்லிக்கொள்கிறார்கள். கணவனை இழந்தவள் என்றால் இன்னும் வேகமாகச் சொல்லிவிடுவார்கள். ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு, அறுபத்தெட்டு வயதுப் பெண்ணுக்குத் தன் உடம்பு தன்னுடையதில்லையா? குளிக்கும்போது தன் நெஞ்சைப் பார்ப்பவள் அவள். சட்டை அளவாகத் தைக்கக் கொடுப்பவள் அவள். கோயிலில், கல்யாண வீட்டில், சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு நிற்கப்போகிறவளும் அவள்தான். மார்பகம் பிள்ளைக்குப் பால் கொடுக்கவும் புருஷனுக்காகவும் மட்டும் இருப்பது என்ற எண்ணம் இல்லாவிட்டால் இந்தக் கேள்வி யாருடைய வாயிலும் வராது.

வயதைக் காரணம் காட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. வயது கூடிய பெண்ணுக்குத்தான் சிறிய சிகிச்சை போதுமாகும் வாய்ப்பு அதிகம். 65 வயதுக்கு மேற்பட்ட, கட்டி சிறிதாகவும் முடிச்சுகளில் நோய் இல்லாமலும் ஹோர்மோன் ஏற்பியோடும் இருந்த 1,326 பெண்களை வைத்துப் பிரித்தானியாவை மையமாகக் கொண்டு நடந்த பரிசோதனையின் 10 ஆண்டு முடிவு 2023இல் வந்தது. எல்லோருக்கும் கட்டி மட்டுமே எடுக்கப்பட்டது. எல்லோரும் ஹோர்மோன் மாத்திரை எடுத்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கதிர்ச்சிகிச்சையும் கொடுக்கவில்லை. கதிர்ச்சிகிச்சை பெறாதவர்களில் 100 பேரில் ஏறத்தாழ 10 பேருக்கு அதே பக்கத்தில் நோய் திரும்பியது, பெற்றவர்களில் 1 ஆளுக்கு. உயிர்தப்பியவர்களின் அளவு இரு பக்கமும் ஒன்றே. ஆகவே வயது முழு மார்பகத்தையும் எடுப்பதற்கான நியாயம் ஆகாது. அது கதிர்ச்சிகிச்சைகூடத் தேவையா என்று வைத்தியரிடம் கேட்பதற்கான நியாயம்.

மார்பைப் பற்றியே வாதிட்டுக்கொண்டிருப்பதில் அக்குளைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பிற்காலத்தில் பெண்ணின் அன்றாடத்தைக் கெடுப்பது பல வேளை அங்கே நடக்கும் வெட்டுத்தான். அக்குள் முடிச்சுகள் எல்லாவற்றையும் வழித்தெடுத்தால் சிலருக்குக் கை வீங்கும். அந்த வீக்கம் முற்றாக மாறுவது அரிது. கிணற்றில் தண்ணி அள்ளுகிற, தேங்காய் துருவுகிற, புகையிலைத் தோட்டத்திலும் வெங்காயத் தோட்டத்திலும் குனிந்து வேலை செய்கிற பெண்ணுக்கு வலது கை வீங்கினால் பாதிச் சீவியம் போனது மாதிரி. முதலில் நோய் போகக்கூடிய ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதித்து, அவற்றில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொடாமல் விடும் முறை வந்து நெடுநாளாகிறது. கட்டியை மட்டும் எடுத்துக் கதிர்ச்சிகிச்சை பெறும் பெண்களில், அந்த முடிச்சுகளில் ஒன்றிரண்டில் நோய் இருந்தாலும்கூட எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை என்பதை அமெரிக்காவில் 891 பெண்கள் பங்குகொண்ட பரிசோதனை காட்டியது. அதன் 10 ஆண்டு முடிவு 2017இல் வந்தது. "என்ர அக்குளில எவ்வளவு எடுக்கப் போறியள்?" என்று ஒவ்வொரு பெண்ணும் சத்திரசிகிச்சைக்கு முன் கேட்க வேண்டும்.

கேட்பதற்கு அவளுக்கு நோயின் பெயர் தெரிந்திருக்க வேண்டுமே! எங்கள் ஊரில் இன்னும் எத்தனையோ பேருக்கு அது தெரியாது. "அம்மாவுக்கு ஒண்டும் சொல்லாதேங்கோ டொக்டர், கட்டி எண்டு மட்டும் சொல்லுங்கோ, தாங்கமாட்டா" என்று பிள்ளைகள் கிளினிக் வாசலில் வைத்தியரை மறிக்கிறார்கள். ஷெல்லடிக்குள் பிள்ளைகளைக் காவிக்கொண்டு ஓடியவள், இடம்பெயர்ந்த இடமெல்லாம் அடுப்பு மூட்டியவள், காணாமல் போனவனுக்காக இன்றும் வாசலில் இருப்பவள் ஒரு நோயின் பெயரைத் தாங்கமாட்டாளா? தாங்க முடியாமல் இருப்பது பெரும்பாலும் சொல்ல வேண்டியவர்களுக்குத்தான். பெயரை மறைத்தால் தெரிவும் மறைந்துவிடுகிறது. என்ன நோய் என்று தெரியாதவளிடம் இரண்டு வழி இருக்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்? மயக்கம் தெளிந்து கையால் நெஞ்சைத் தடவிப் பார்த்து அறிந்துகொள்ளும் நிலைக்கு ஒரு பெண்ணைத் தள்ளுவதை அன்பு என்று என்னால் அழைக்க முடியாது.

ஒரு காலத்தில் அமெரிக்கப் பெண்களுக்கும் இதுதான் நடந்தது. கட்டியைச் சோதிக்க மயக்கம் கொடுப்பார்கள். புற்று என்று தெரிந்தால் எழுப்பிக் கேட்காமலே அதே மேசையில் மார்பகத்தை எடுத்துவிடுவார்கள். றோஸ் குஷ்னர் என்ற பத்திரிகையாளர் 1974இல் தனக்குக் கட்டி வந்தபோது இதற்கு உடன்பட மறுத்தார். சோதனை ஒரு நாள், சத்திரசிகிச்சை வேறொரு நாள், இடையில் நான் யோசிக்க வேண்டும் என்றார். ஒரு நிபுணருக்குப் பின் ஒருவராகப் பலர் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் எழுதினார், பேசினார், கூட்டங்களில் எழும்பி நின்று கேட்டார். 1979இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவகங்களின் நிபுணர் குழு சோதனையையும் சத்திரசிகிச்சையையும் பிரித்தே செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் குஷ்னரும் ஒருவர்.

வைத்தியர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளினிக்கில் கூட்டம், ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிஷம்கூட இல்லை என்பது உண்மை. ஆனால் மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்த மண் இது. சத்திரசிகிச்சை நூலொன்று 'இரண வைத்தியம்' என்ற பெயரில் 1867இலேயே தமிழில் வந்துவிட்டது. மாணவனுக்கு முழுச் சத்திரசிகிச்சையையும் தமிழில் சொல்லிக்கொடுக்க அன்று முடிந்ததென்றால், நோயாளிக்கு அவளுடைய இரண்டு வழிகளை அவளுடைய பேச்சில் சொல்ல இன்று முடியும். வைத்தியருக்கு நேரமில்லையென்றால் பயிற்றப்பட்ட ஒரு தாதி சொல்லட்டும். அண்ணரிடமும் மகனிடமும் சொல்லிவிட்டு, நோயாளிக்குச் சொன்னதாக எழுதிக்கொள்வது மட்டும் வேண்டாம். சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் உரிமை, சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த பெண்ணுக்கே உரியது.

முழு மார்பகத்தையும் எடுப்பதே சரியான வழியாக இருக்கும் பெண்களும் உண்டு. அவர்களை இந்தக் கட்டுரை குழப்பிவிடக் கூடாது. ஒரே மார்பகத்தின் வெவ்வேறு பகுதிகளில் புற்று பரந்திருந்தால், மார்பகத்தின் அளவோடு பார்க்கும்போது கட்டி மிகப் பெரிதாக இருந்து முதலில் கீமோ கொடுத்தும் சுருங்காவிட்டால், திரும்பத் திரும்ப வெட்டியும் விளிம்பில் புற்று மிஞ்சினால், முன்னர் அதே இடத்துக்குக் கதிர்ச்சிகிச்சை பெற்றிருந்தால், கர்ப்பத்தின் தொடக்க மாதங்களில் கதிர்ச்சிகிச்சை கொடுக்க முடியாமல் இருந்தால், வைத்தியர் முழுவதும் எடுக்கச் சொல்வார். மார்பு முழுவதும் சிவந்து வீங்கி வரும் வகைப் புற்றுக்கும் அதுவே வழி. பரம்பரை மரபணுப் பிறழ்வு உள்ளவர்கள் இரண்டு மார்பகங்களையும் பற்றி யோசிக்க வேண்டியிருக்கலாம். இவர்களுக்கெல்லாம் அது உயிர் காக்கும் சிகிச்சை. அதன் பிறகு மார்பகத்தை மீளமைக்கும் சத்திரசிகிச்சை பற்றியும், உள்ளாடைக்குள் வைக்கும் செயற்கை மார்பகம் பற்றியும் கேட்க அவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை.

அவசரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "இண்டைக்கே வெட்டாட்டி நாளைக்குப் பரவிடும்" என்று வீட்டார் நெருக்குகிறார்கள். ஒரு வாரம் யோசிப்பதாலோ இன்னொரு வைத்தியரிடம் கேட்பதாலோ ஆரம்பக் கட்ட நோய் கைமீறிப் போய்விடாது. மாதக்கணக்கில் இழுத்தடிப்பதுதான் ஆபத்து. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வந்த ஓர் ஆய்வின்படி, மார்பகச் சத்திரசிகிச்சை 4 வாரம் பிந்தினால் இறப்பு வாய்ப்பு ஏறத்தாழ 8 சதவீதத்தால் கூடுகிறது. இது ஒப்பீட்டுக் கணக்கு. 100இல் 10 ஆக இருந்த வாய்ப்பு 100இல் 11க்குக் கிட்டப் போகும் என்று விளங்கிக்கொள்ளலாம். ஆகவே யோசிக்கவும் கேட்கவும் நாள் எடுங்கள். கத்தி பட்டால் பரவும் என்று பயந்து, எண்ணெயும் குளிசையுமாக ஆறு மாதம் போக்கிவிட்டு வராதீர்கள். ஊசியால் குத்திச் சோதிப்பதால் புற்று உடம்பெல்லாம் பரவுவதில்லை.

கடைசியாக, ஊர் சொல்லும் காரணங்களில் எனக்கு உண்மையில் கனமாகப் படுவது ஒன்றுதான்: போக்குவரத்து. நெடுந்தீவுப் பெண் குறிகட்டுவானுக்குப் படகில் வந்து, அங்கிருந்து பஸ் மாறி மாறித் தெல்லிப்பழைக்கு வார நாள் ஒவ்வொன்றும் எப்படிப் போய்வருவாள்? முல்லைத்தீவிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வருகிறவள் எங்கே தங்குவாள்? நாட்கூலிக்குப் போகும் கணவன் எத்தனை நாள் கூட வருவான்? இந்தக் கேள்விகளுக்கு முன்னால் ஒரு பெண் "முழுசா எடுத்துவிடுங்கோ" என்று சொன்னால் அவளிடம் நான் வாதிட மாட்டேன். ஆனால் இந்தச் சிரமத்தைக் குறைக்கலாம். ஐந்து வாரக் கதிர்ச்சிகிச்சையை 3 வாரத்தில் 15 தடவைகளாகக் கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்பது பிரித்தானியப் பரிசோதனைகளில் உறுதியாகி உலகெங்கும் வழக்கமாகிவிட்டது. 4,096 பேரை வைத்து அங்கேயே நடந்த இன்னொரு பரிசோதனை, ஒரே வாரத்தில் 5 தடவைகளாகவும் கொடுக்கலாம் என்று 2020இல் காட்டியது. எனக்கு எத்தனை தடவை, ஏன் அத்தனை என்று உங்கள் புற்றுநோய் வைத்திய நிபுணரிடம் கேளுங்கள்.

மிச்சம் ஊரின் கையில் இருக்கிறது. தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயில், தங்கம்மா அப்பாக்குட்டி அம்மையார் காலத்தில், ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திக் காட்டிய கோயில். அந்த வழி எங்களுக்குப் புதிதில்லை. கோபுரத்துக்கும் மண்டபத்துக்கும் இலட்சக்கணக்கில் அனுப்பும் ரொறன்ரோ, லண்டன், சூரிச் ஊர்ச் சங்கங்களிடமும், மைதானத்துக்கும் மேடைக்கும் காசு சேர்க்கும் பழைய மாணவர் சங்கங்களிடமும் கேட்கிறேன். கதிர்ச்சிகிச்சைக்கு வரும் பெண்ணும் துணைக்கு வருபவரும் மூன்று வாரம் தங்க வைத்தியசாலைக்குப் பக்கத்தில் ஒரு வீடு, தீவுப் பகுதியிலிருந்தும் வன்னியிலிருந்தும் வருபவர்களுக்கு ஒரு வாகனம், கூலி இழந்த குடும்பத்துக்கு அந்த வாரங்களுக்கான அரிசி. இவ்வளவும் இருந்தால், பஸ் காசு இல்லாத காரணத்தால் இந்தக் குடாநாட்டில் இனி ஒரு பெண்ணும் தன் மார்பைக் கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்து வையுங்கள்.